கட்டுக்காசுக்காரர் பக்கத்து வீட்டில் கத்துகிறார்: நாங்கள் வாய் திறக்கலாமா?

பிரிவு: ஊர்ப் பிரச்சினைகள் / வன்னி

கண்டாவளைப்பிள்ளை
ஞாயிறு, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்து வளவில் ஒரு அக்கா இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறார். கணவர் இல்லை. கச்சான் பிடுங்குவது, வெங்காயம் நடுவது என்று கூலி வேலைதான். போன வருடம் ஒரு நுண்கடன் நிறுவனத்தில், ஒருவருக்கு மற்றவர்கள் பொறுப்பு நிற்கிற குழுக்கடன் எடுத்தார். மழை பிடித்துக்கொண்டதில் வேலை இல்லாமல் போய், சில கிழமைக் கட்டுக்காசு தவறிவிட்டது. இப்போது வசூலிக்க வருகிறவர் பொழுதுபட்ட பிறகுதான் வருகிறார். படலைக்குள் மோட்டார் சைக்கிளை ஏற்றி, எஞ்சினை நிறுத்தாமல், லைட்டை வீட்டுக் கதவுக்கு நேரே அடித்தபடி நிற்பார். "காசு வாங்கேக்க சிரிச்சனீங்கள்தானே" என்று தொடங்குவார். பிறகு வருவதெல்லாம் இங்கே எழுத முடியாத கதை. அக்கா குசினிக்குப் பின்னால் நிற்க, மூத்த பெட்டைதான் வெளியே வந்து "அம்மா இல்லை" என்று சொல்லும்.

சத்தம் கேட்டதும் ஒழுங்கையில் ஒவ்வொரு வீட்டிலும் வெளி லைட் அணையும். எங்கள் வீட்டிலும்தான். அம்மாவும் அதே குழுவில் இருக்கிறார். "நாளைக்கு எங்களுக்கும் அவையள் வேணும், நீ பேசாமல் இரு" என்கிறார்.

நான் என்ன செய்யலாம்? ஏதாவது செய்யப்போய் அக்காவுக்கு இன்னும் கரைச்சல் வந்தால்?

நெறியாளர்
ஞாயிறு, இரவு 9.25

நிறுவனத்தின் பெயர், வருகிறவரின் பெயர், வாகன இலக்கம் எதையும் இங்கே போட வேண்டாம். அக்காவை அடையாளம் காட்டும் விபரமும் வேண்டாம். மற்றபடி தாராளமாகக் கதையுங்கள்.

மாங்குளத்தார்
ஞாயிறு, இரவு 10.02

பிள்ளை, உங்கள் அம்மா சொல்வதை லேசாகத் தள்ளிவிடாதீர்கள்.

2009-ல் செட்டிகுளம் முகாமுக்குள் இருந்தவன் நான். யார் யாரைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பதிலேயே குடும்பங்கள் சிதறியதைக் கண்ணால் பார்த்தவன். அதற்குப் பிறகும் எத்தனை வருடம், வீட்டுக்கு ஒரு புது ஆள் வந்துபோனாலே விசாரணை. சும்மா இருந்து பழகியதைக் கோழைத்தனம் என்று இன்றைக்குச் சொல்வது சுகம். அந்தப் பழக்கத்தில்தான் நாங்கள் பிழைத்தோம். கடன் வாங்கியது அக்கா, கொடுத்தது அவர்கள். இடையில் நீங்கள் யார் என்று ஒரு கேள்வி வரும். அதற்குப் பதில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

கடல்கடந்தவன்
திங்கள், அதிகாலை 3.40

என்ன கதை இது? போனை எடுத்து வீடியோ பிடியுங்கோ, பேஸ்புக்கில போடுங்கோ, நாங்கள் இங்க இருந்து ஷேர் பண்ணுறம். ஒரு நாளில நாறிப்போவான். இல்லாட்டி ஒழுங்கைப் பெடியள் நாலு பேர் சேர்ந்து ரெண்டு போட்டால் அடுத்த முறை வரமாட்டான்.

ஒட்டுசுட்டான் ரீச்சர்
திங்கள், காலை 6.15

கடல்கடந்தவன் தம்பிக்கு: அந்த வீடியோவில் வசூல்காரரின் முகம் மட்டுமா இருக்கும்? "அம்மா இல்லை" என்று சொல்லும் பிள்ளையின் முகமும் இருக்கும். திங்கட்கிழமை அது பள்ளிக்கூடம் போக வேண்டும். ஷேர் பண்ணுகிறவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம், வகுப்பில் அதோடு பக்கத்தில் இருக்கப்போகிறவர்கள் வேறு. அடிக்கிற கதை இன்னும் மோசம். அடித்த மறுநாளே வழக்கு உங்கள் ஒழுங்கைப் பெடியள் மேல்தான் விழும், அவர் பாதிக்கப்பட்டவராகப் பொலிஸில் நிற்பார்.

கண்டாவளைப்பிள்ளைக்கு: முதலில் அக்காவிடம் கேளுங்கள். இதைப் பலர் செய்வதே இல்லை. ஒருவருக்காகக் கதைக்கப்போகிறோம் என்ற வேகத்தில், அவர் என்ன விரும்புகிறார் என்று கேட்காமலே கொடி பிடித்துவிடுகிறோம். பகல் நேரத்தில், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு போங்கள். அறிவுரை ஒன்றும் வேண்டாம், "ஏன் கடன் எடுத்தீர்கள்" என்ற கேள்வி வேண்டவே வேண்டாம். "அவர் வரும் நேரம் நான் வந்து உங்களோடு நிற்கட்டுமா அக்கா?" அவ்வளவுதான். வேண்டாம் என்றால் சரி என்று விட்டுவிட்டு, "எப்போது வேண்டுமென்றாலும் கூப்பிடுங்கோ" என்று உங்கள் நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஓம் என்றால் தனியாகப் போகாதீர்கள்.

போய் நின்றால் சண்டை பிடிக்கத் தேவையில்லை. "தம்பி, பிள்ளைகள் படிக்கிற நேரம், நாளைக்குப் பகலில் வாங்கோ" என்று மரியாதையாகச் சொன்னால் போதும். வந்த திகதி, நேரம், சொன்ன வார்த்தை மூன்றையும் அன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதுங்கள். பச்சையாகச் சொன்னதை "தகாத வார்த்தை" என்று பூசி மெழுகாமல் அப்படியே எழுதுங்கள். பிறகு அதுதான் உதவும்.

முன்பு வசூலில் இருந்தவன்
திங்கள், இரவு 8.50

இந்த இழையைப் பார்த்துவிட்டுக் கடந்துபோக மனம் வரவில்லை. சில வருடங்கள் அந்த வேலையில் இருந்தேன். எந்த நிறுவனம் என்று கேட்க வேண்டாம்.

உள்ளே எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். கிழமைக்கு இவ்வளவு என்று ஒரு இலக்கு. வராத காசு பின்னேரம் வட்ஸ்அப் குழுவில் வசூல்காரரின் பெயரோடு வரும், மனேஜர் எல்லோருக்கும் முன்னால் ஏசுவார். "காசில்லாமல் பிராஞ்சுக்கு வராதே" என்பது சாதாரண வசனம். சிலர் சம்பளத்தில் இருந்து போட்டுக் கட்டுவார்கள். இதைச் சொல்வது அந்த ஆளுக்கு நியாயம் பிடிக்க இல்லை. அவரை மட்டும் பிடித்தால் நாளைக்கு இன்னொருவரை அனுப்புவார்கள், முறைப்பாடு பிராஞ்சுக்கு மேலே போக வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்தது, ஏன் இருட்டில் வருகிறார்கள்? பகலில் ஆள் வேலைக்குப் போய்விடுவார் என்பது ஒரு காரணம். மற்றது, எந்த வீட்டில் சத்தம் போடலாம், எந்த வீட்டில் போட முடியாது என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும். திண்ணையில் ஒரு அப்பு வெற்றிலை போட்டுக்கொண்டு இருந்தாலே குரல் தானாக இறங்கும். தனியே இருக்கிற பெண், பக்கத்து வீட்டில் லைட் அணைகிற ஒழுங்கை என்றால் கேட்கவே வேண்டாம். நீங்கள் லைட்டை அணைப்பது பயத்தில் என்று நினைக்கிறீர்கள். வசூலுக்கு வருகிறவருக்கு அது "ஒருத்தரும் கேட்கப்போவதில்லை" என்ற செய்தி.

குழு என்ற ஏற்பாட்டையும் விளங்கிக்கொள்ளுங்கள். ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து போட வேண்டும். போடும்வரை சென்டர் கூட்டம், அதாவது குழுக்காரர் கூடிக் காசு கட்டும் கூட்டம், முடியாது, எல்லோரையும் இருத்தி வைத்திருப்பார்கள். அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்தவர்கள் யாரில் கோபப்படுவார்கள்? மனேஜரிலா? பக்கத்தில் தலை குனிந்து இருக்கிற பெண்ணில்தான். ஏசுகிற வேலையைக் குழுவே செய்துவிடும், எங்களுக்கு வாய் நோகாது. உங்கள் அம்மாவின் பயம் அங்கிருந்துதான் வருகிறது.

கணக்கையும் பாருங்கள். உதாரணமாக 50,000 ரூபா, வருடத்துக்கு 24 வீதம், 52 கிழமை என்று வைப்போம். வட்டி முழுத் தொகைக்கும் முதல் நாளே போட்டாகிவிட்டது: 12,000. கிழமைக்கு ஏறக்குறைய 1,192 ரூபா. ஆனால் அரைவாசி வருடத்தில் கையில் இருக்கிற கடன் அரைவாசிதான், வட்டியோ முழுத் தொகைக்கு. குறைந்துவரும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் அந்த 24 வீதம் 40-ஐத் தாண்டுகிறது. ஆவணச் செலவு, காப்புறுதி என்று முதலிலேயே கழித்துவிட்டுக் கொடுத்தால் இன்னும் ஏறும். நெல்லுக்காசு வருடத்தில் இரண்டு போகம்தான் வரும் ஊரில் கிழமைக்குக் கிழமை கட்டு என்றால் எங்கே போவது.

சட்ட உதவியில் வேலை
செவ்வாய், பகல் 12.30

நான் சட்டத்தரணி இல்லை, எழுதுவினைஞர். தினம் மேசைக்கு வருகிற விஷயம் என்பதால் சொல்கிறேன்.

கடன் இருக்கிறது என்பது வேறு, மிரட்டுவது வேறு. "நீ கட்ட வேண்டியதுதானே" என்று பொலிஸில் ஒருவர் சொன்னால் இதைத்தான் திருப்பிச் சொல்ல வேண்டும். வெளியே போ என்று சொன்ன பிறகும் வளவுக்குள் நிற்பது, தூஷணம் பேசுவது, பயமுறுத்துவது எல்லாம் தனிக் குற்றம். நீதிமன்றக் கட்டளை இல்லாமல் சைக்கிளையோ காஸ் சிலிண்டரையோ தூக்கிக்கொண்டு போக அவருக்கு உரிமை இல்லை.

முறைப்பாட்டை அக்காவே கொடுப்பது நல்லது, நீங்கள் கூடப் போகலாம், கண்டதைச் சாட்சியாகச் சொல்லலாம். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள், அது உரிமை. சிங்களத்தில் எழுதிவிட்டுக் கையெழுத்துக் கேட்டால், வாசித்து விளங்காமல் போடாதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் படியிறங்க வேண்டாம். ஏற்க மறுத்தால் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அலுவலகம் இருக்கிறது, தேசிய பொலிஸ் ஆணைக்குழுவின் தொலைபேசி 1960 இருக்கிறது. பெண்களுக்கான 1938-க்கும் சொல்லலாம். பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார், ஜி.எஸ்.ஸை (கிராம சேவகரை) விட அவரிடம் முதலில் போவது நல்லது என்பது என் அனுபவம். ஜி.எஸ்.மாருக்கு ஊரில் எல்லோர் முகமும் வேணும்.

நிறுவனத்தைப் பிடிக்கிற வழி மத்திய வங்கி. 2016-ஆம் ஆண்டின் 6-ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்றவர்களின் பட்டியல் அதன் இணையத்தளத்தில் இருக்கிறது. பெயர் அங்கே இல்லையென்றால் முதல் கேள்வியே வேறு. இருந்தால் நிதி நுகர்வோர் பிரிவுக்குத் தமிழிலேயே எழுதுங்கள், தொலைபேசி 1935. 2023-ல் வந்த நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் அவர்களைக் கட்டுப்படுத்தும். கடிதத்தின் பிரதியைத் தலைமை அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பிராஞ்சில் கையில் கொடுத்தால் லாச்சிக்குள் போய்விடும்.

சாட்சி சொல்லப் பயம் என்றால் 2023-ஆம் ஆண்டின் 10-ஆம் இலக்கச் சட்டம் பாதிக்கப்பட்டவரையும் சாட்சியையும் பாதுகாக்கத்தான் வந்தது. சாட்சியை வெருட்டுவது அதிலேயே குற்றம்.

மாங்குளத்தார்
செவ்வாய், இரவு 7.45

சட்டம் புத்தகத்தில் நல்லாத்தான் இருக்கும் தம்பி. 2020 ஒக்டோபரில் முறிப்புப் பக்கம் மரக்கடத்தலைச் செய்தியாக்கப் போன இரண்டு ஊடகவியலாளர்களைப் பிடித்து அடித்தார்களே, அவர்களுக்குச் சட்டம் தெரியாதா? கமராவும் கையில் இருந்தது. அவர்களுக்கே அந்த நிலை என்றால், கண்டாவளையில் ஒரு படிக்கிற பிள்ளைக்கு யார் காவல்?

முழங்காவில்காரி
செவ்வாய், இரவு 9.30

ஐயா, நீங்கள் சொன்ன உதாரணத்தில் அவர்கள் இரண்டே பேராகப் போனார்கள். நான் வேறு கதை சொல்கிறேன்.

எங்கள் சொந்த ஊரான இரணைதீவுக்குப் போக விடு என்று எங்கள் சனம் 2017 மே மாதம் இரணைமாதா நகரில் இருக்கத் தொடங்கியது. முன்னுக்கு நின்றது பெண்கள்தான். ஏறக்குறைய ஒரு வருடம் கந்தோர்களுக்கு மனுக் கொடுத்து அலுத்துப்போய், 2018 ஏப்ரல் 23 அன்று வள்ளங்களில் வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டு நேரே தீவுக்குப் போய் இறங்கினார்கள். கடற்படை இருந்த தீவு. பயம் இல்லாமலா போயிருப்பார்கள்? அதற்கு முந்திய வருடம் கேப்பாபுலவு பிலக்குடியிருப்புச் சனம் தங்கள் காணியைக் கேட்டு விமானப்படை முகாம் வாசலில் ஜனவரி கடைசியில் இருந்து, மார்ச் முதலாம் திகதி காணிக்குள் போனார்கள். கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20-ல் காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டு உட்கார்ந்த அம்மாமாருக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். எல்லாப் போராட்டமும் வென்றது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த ஊர்ச் சனத்துக்கு வாய் திறக்கத் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

காணிக்கும் காணாமல் போன பிள்ளைக்கும் வாசலில் இருக்கிற நாங்கள், கடன் என்றதும் ஏன் லைட்டை அணைக்கிறோம்? வெட்கம். ஆமிக்காரன் பிடித்த காணியில் எங்களுக்கு வெட்கம் இல்லை, கட்ட முடியாத கடனில் இருக்கிறது. அந்த வெட்கத்தில்தான் அவர்களின் வியாபாரமே நடக்கிறது. 2018 செப்டெம்பரில் இலங்கைக்கு வந்த ஐ.நா.வின் சுயாதீன நிபுணர், வசூலுக்கு வருகிறவர்கள் சில இடங்களில் பாலியல் ரீதியாகக் கேட்பதுவரை போகிறார்கள் என்று பகிரங்கமாகவே சொல்லிவிட்டுப் போனார். ஊருக்குள் குசுகுசுத்ததை ஒரு வெளிநாட்டுக்காரர் வந்து சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. 2021 மார்ச் 8-ல் பொலன்னறுவை ஹிங்குராக்கொடையில் சிங்களப் பெண்கள் இதே நுண்கடனுக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். இது எங்கள் ஒழுங்கையின் மானப் பிரச்சினை மட்டும் இல்லை என்று தெரிந்தாலே பாதி வெட்கம் போய்விடும்.

கடல்கடந்தவன்
புதன், அதிகாலை 4.05

ரீச்சர் சொன்னது சரி, பிள்ளையின் முகத்தை நான் யோசிக்கேல்ல. அக்காவின் மிச்சக் காசை நாங்கள் நாலு பேர் சேர்ந்து கட்டிவிட்டால்?

ஒட்டுசுட்டான் ரீச்சர்
புதன், காலை 6.20

நல்ல மனம். ஆனால் அதையும் அக்காவிடம் கேட்டுத்தான். கட்டிவிட்டால் அவருக்குத் தீரும், பேசிய பேச்சுக்குக் கணக்கு அப்படியே நிற்கும். அடுத்த மாதம் அதே ஆள் அடுத்த ஒழுங்கையில் லைட் அடிப்பார்.

கண்டாவளைப்பிள்ளை
அடுத்த கிழமை, வியாழன் இரவு 10.15

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

அக்காவிடம் கேட்டேன். "நீ படிக்கிற பிள்ளை, இதுக்குள்ள வராத" என்று அனுப்பிவிட்டார். நான் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன். பிறகு அவரே வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "இண்டைக்கு வருவான் போல கிடக்கு" என்றார்.

நான், பின் வளவு மாமி, முன் வீட்டு அன்ரி, கோயிலடி ஆச்சி என்று நாலு பேர் அக்காவின் திண்ணையில் ஒரு சாக்குக் கச்சானைக் கொட்டி உடைக்கத் தொடங்கினோம். லைட் எல்லாம் போட்டுத்தான். அம்மா வரவில்லை. மோட்டார் சைக்கிள் படலைக்குள் வந்தது, லைட் எங்கள் மேல் விழுந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு எஞ்சினை நிறுத்தினார். "என்ன, கூட்டமோ?" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஆச்சிதான் கையை நிறுத்தாமல், "ஓம் தம்பி, கச்சான் உடைக்கிறம். காசுக்கதை பகலில கதைக்கலாம், பிள்ளையள் படிக்குதுகள்" என்றார். அவர் கொப்பியில் ஏதோ எழுதினார், பெரிய பெட்டையைப் பார்த்து "அம்மாவிட்ட சொல்லு" என்றார். அக்கா கதவுக்குள்ளே இருந்து வெளியே வந்து, "நான் இஞ்சதான் நிக்கிறன், என்னட்டச் சொல்லுங்கோ" என்றார். அதை ஒருத்தரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அடுத்த நாள் பிரதேச செயலகத்துக்குப் போனோம். நாங்கள் எழுதி வைத்த கொப்பியில் இருந்த திகதிகளைப் பார்த்ததும் உத்தியோகத்தர் தானே பொலிஸுக்குப் போன் எடுத்தார். முறைப்பாடு தமிழில் எழுதினார்கள், இலக்கம் வாங்கியாச்சு. மத்திய வங்கிக் கடிதம் பதிவுத் தபாலில் போயிருக்கிறது. அக்கா கடன் இல்லை என்று சொல்லவில்லை, நெல் வெட்டு முடிய மாதக் கட்டாக மாற்றித் தரச்சொல்லித்தான் கேட்டிருக்கிறார்.

ஆனால் பிராஞ்சில் இருந்து அம்மாவுக்குப் போன் வந்தது. "உங்கட மகள் ஊர்ப் பிரச்சினை எல்லாம் பார்க்கிறா போல, அடுத்த கடனை யோசிச்சுத்தான் தருவம்" என்றார்களாம். அம்மா அன்றிலிருந்து என்னோடு கதைப்பதில்லை. குழுத் தலைவி அம்மாவோடு கதைப்பதில்லை.

மாங்குளத்தார்
வியாழன், இரவு 10.50

ஆச்சி கெட்டிக்காரி. ஆனால் நான் சொன்னது நடந்ததுதானே, விலை உங்கள் அம்மாவிடம் கேட்கப்படுகிறது. அம்மாவைக் கேட்காமல் இறங்கியது சரியா?

முன்பு வசூலில் இருந்தவன்
வெள்ளி, காலை 7.30

அந்தப் போன் அழைப்பையும் எழுதி வையுங்கள்: நாள், நேரம், எந்த நம்பர், யார் பேசியது. ஒருவரின் முறைப்பாட்டுக்காக இன்னொருவரின் கடனை நிறுத்துவோம் என்பதை அவர்கள் ஒருநாளும் கடிதத்தில் தரமாட்டார்கள், அதனால்தான் போனில் சொல்கிறார்கள். "இதை எழுத்தில் தாருங்கள்" என்று அம்மா கேட்டால் பெரும்பாலும் அடுத்த அழைப்பு வராது.

மாங்குளத்தார் ஐயாவின் கேள்வி நியாயமானது. அம்மாவோடும் கதையுங்கள் தங்கச்சி. அவரும் அந்த வலைக்குள் இருக்கிறவர்தான், எதிரி இல்லை.

சட்ட உதவியில் வேலை
வெள்ளி, பகல் 1.10

மேலதிக கடிதமாக அதையும் 1935 பிரிவுக்கு அனுப்பலாம், முதல் கடிதத்தின் பதிவுத் தபால் இலக்கத்தைக் குறிப்பிட்டு. நீண்ட நாள் பதில் இல்லையென்றால் 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மத்திய வங்கியிடம், இந்த முறைப்பாட்டில் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர்கள் உங்களைக் கேட்க முடியாது.

நெடுங்கேணி நிலா
வெள்ளி, இரவு 8.00

எங்கள் ஊரிலும் இதே கதை. ஆனால் கடன் கொடுத்தது கம்பெனி இல்லை, ஊர்க்காரர் ஒருவர். வட்டி மாதத்துக்கு நூற்றுக்குப் பத்து. கோயில் சபையிலும் அவர்தான், திருவிழா உபயமும் அவர்தான். 1935 உதவுமா?

சட்ட உதவியில் வேலை
வெள்ளி, இரவு 8.40

உதவாது, அது உரிமம் பெற்ற நிறுவனங்களுக்குத்தான். கணக்குத் தகராறு என்றால் மத்தியஸ்த சபை, மிரட்டல் என்றால் பொலிஸ். கையெழுத்துப் போட்ட வெற்றுத்தாள், வங்கி காட், காணி உறுதி ஏதாவது அவரிடம் இருக்கிறதா என்று முதலில் கேட்டுப் பாருங்கள், இருந்தால் வழி வேறு. எந்தப் பிரதேச செயலகப் பிரிவு என்று தனிமடலில் சொல்லுங்கள். கடன்பட்டவர் சம்மதித்துவிட்டாரா என்பதையும் சொல்லுங்கள்.